திருப்பத்தில் சொல்லும் சொல்

சேமக்காலை மதிலடி நாய்கள் அன்றைக்குக் குரைக்கவில்லை.

சுலக்ஷனா அதை முதலில் நல்ல செய்தியாகத்தான் எடுத்துக்கொண்டாள். மூன்று கிழமையாக ஒவ்வொரு பின்னேரமும் ஐந்தரைக்கு அவளும் டொபியும் துறைமுக வீதியால் நடந்து அந்தக் கல்லறைத் தோட்டத்து மதில் முடியும் இடத்துக்கு வருவார்கள். வந்ததும் மீன் வாடிப் பக்கமிருந்து ஐந்து தெருநாய்கள் பாய்ந்து வரும். டொபி கயிற்றின் நுனியில் பின்னங்கால்களில் எழும்பி நின்று தொண்டை கிழியக் கத்துவான். சைக்கிள்காரர்கள் காலை மேலே தூக்கிக்கொண்டு அவளை ஒருமுறை முறைத்துவிட்டுப் போவார்கள். அந்த வீதிக்கே பழகிப்போன கூத்து அது. அன்றைக்கோ ஐந்தும் வாடியின் தகரத் தாழ்வாரத்துக்குள் ஒடுங்கி நின்றன, வாலைக் கவட்டுக்குள் செருகியபடி. கடல் பக்கமிருந்து டீசலும் கருவாடும் அழுகிய பாசியும் கலந்த வழக்கமான மணம் வந்தது. அதற்குள் இன்னொன்றும் இருந்தது. ஊதி அணைத்த மெழுகுதிரியின் மணம்.

நவம்பர் மாதம். ஆத்துமாக்கள் திருநாள் முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. மதிலுக்கு உள்ளே கல்லறைகளில் ஏற்றிய திரிகளின் மிச்சம் மழையில் ஊறிக் கிடக்கும். ஆகவே மணத்துக்குக் காரணம் இருந்தது. நாய்கள் நின்ற விதத்துக்குத்தான் காரணம் பிடிபடவில்லை. இரண்டு நாய்கள் டொபியைப் பார்த்தன. அவன் அவளுடைய இடப்பக்கம் நின்றான். மற்ற மூன்றும் அவளுடைய வலப்பக்கத்தைப் பார்த்தன, முழங்கால் உயரத்தில். அங்கே தார் வீதி மட்டும் ஈரத்தில் மினுங்கியது.

அவள் வழக்கம்போலத் திரும்பினாள். வழக்கம்போலச் சிரித்த குரலில், "வா, வீட்டை போவம்" என்றாள். டொபி அவளோடு திரும்பினான்.

டொபி உண்மையில் அவள் கணவன் றிக்சனின் செல்லம். குட்டியாக இருந்தபோது இதே வாடி நாய்கள் அவனைக் குதறி இடது காதில் பாதியைக் கொண்டுபோய்விட்டன. அதற்குப் பிறகு கட்டாமல் திரியும் எந்த நாயைக் கண்டாலும் அவனுக்கு உலகம் மறந்துவிடும். பயத்தில்தான் கத்துவான், பார்க்கிறவர்களின் கணக்கில் அவன் கடிநாய். றிக்சனுக்குக் கப்பலில் இயந்திரப் பகுதியில் வேலை, ஒப்பந்தம் ஒன்பது மாதம். போகிற அன்று, "நான் வரேக்க இவன்ர மற்றக் காதாவது இருக்கோணும் சுலா" என்று பகிடியாகச் சொன்னான். பகிடிதான், ஆனால் கண் கலங்கியிருந்தது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த வீட்டில் அவளைத் தவிர மூச்சு விடும் உயிர் டொபி ஒருவன்தான். அவனை ஒரு கீறலும் இல்லாமல் றிக்சனிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வேறெந்த ஆசையும் அவளுக்கு அந்த ஒன்பது மாதத்தில் இருக்கவில்லை.

நடத்தாமல் விடவும் வழியில்லை. வீட்டுக்கு வளவு கிடையாது, வாசலுக்கும் கேற்றுக்கும் நடுவில் நாலடி அகலத்தில் ஒரு சீமெந்துத் தரை. பெரிய மனிதர் டொபி அதில் ஒன்றுக்கும் இருக்கமாட்டார். வீடு இருந்த ஒழுங்கையின் ஒரு முனையைக் கடற்படையின் முட்கம்பி மதில் அடைத்திருந்தது. மறுமுனை துறைமுக வீதியில் போய் ஏறும். அங்கிருந்து வலப்பக்கம் போனால் மூதூர் இறங்குதுறை, எண்ண முடியாத நாய்கள். இடப்பக்கம் போனால் சேமக்காலை, ஐந்தே ஐந்து நாய்கள். அவள் ஐந்தைத் தெரிவுசெய்தாள்.

பழக்கும் முறையை றிக்சன் குரல் பதிவாக அனுப்பியிருந்தான். "கயிறை இறுக்காத. நீ இறுக்கினா அவனுக்குப் பயம் கூடும். மற்ற நாயள் கிட்ட வர முன்னமே திரும்பு. திரும்பேக்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டு ஒரே ஒரு வசனம் சொல்லு. சந்தோசமாச் சொல்லு. ஒவ்வொரு நாளும் அதே வசனம். வந்தவுடனே ஏதாவது தின்னக் குடு. மற்றதுகளுக்கும் ரெண்டு துண்டைப் பின்னால எறி, அதுகள் அதில நிண்டுடும்." அவள் கிட்டத்தட்ட அப்படியே செய்தாள். சின்னச் சின்னக் கருவாட்டுத் துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு போவாள். ஒன்று டொபிக்கு, ஒரு பிடி பின்னால். இரண்டு கிழமையில் டொபி அந்த வசனத்தைக் கேட்டதும் பள்ளிக்கூடப் பிள்ளைபோலத் திரும்பப் பழகிவிட்டான். அவள் அதைப் படம் பிடித்துக் கப்பலுக்கு அனுப்பினாள். அன்றைக்கு இரவு அவ்வளவு சந்தோசமாகத் தூங்கினாள்.

நாய்கள் குரைக்காமல் விட்டதற்கு அடுத்த நாள் அவள் திரும்பி, சொல்லி, ஒரு பிடியைப் பின்னால் எறிந்துவிட்டுப் பத்தடி நடந்திருப்பாள். பின்னால் சப்பும் சத்தம் கேட்டது. நாய் தின்னும் அவசரச் சத்தம் அல்ல. பல்லில்லாதவர் பாக்கை மென்று பார்ப்பதுபோல நிதானமாக, ஈரமாக, ஒவ்வொரு துண்டாக. அவள் திரும்பிப் பார்த்தாள். ஐந்து நாய்களும் தாழ்வாரத்துக்குள்ளேயே நின்றன. வீதியில் ஒரு துண்டும் இல்லை. காகமாயிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். காகம் சப்பாது என்பது வீட்டுக்கு வந்து சோறு போடும்போதுதான் நினைவுக்கு வந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் மழை விட்டு விட்டுப் பெய்தது. பாதி வழியில் ஒரு வெறும் காணி இருந்தது. அந்த நகரத்து வீதிகளில் மாடுபோலத் திரியும் மான்கள் அங்கே எந்நேரமும் படுத்துக் கிடக்கும். லொறி ஹோர்ன் அடித்தாலும் எழும்பாத சோம்பேறிகள். அவள் கடக்கும்போது அவை ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. டொபியை அவற்றுக்கு நன்றாகத் தெரியும், அவனை அவை பார்க்கவில்லை. எல்லாக் கழுத்தும் அவளுடைய வலது இடுப்பளவில் இருந்த எதையோ தொடர்ந்து மெதுவாகத் திரும்பின. மெழுகுதிரி மணம் இப்போது மதிலடியில் மட்டும் இல்லை. காணி வரைக்கும் வந்தது. மறுநாள் ஒழுங்கை முகப்பு வரைக்கும் வந்தது.

ஒழுங்கை முகப்பு வீட்டில் நஜ்முன் நிஸா இருந்தார். நல்ல மனுசி. நோன்புக் கஞ்சி வாளியோடு வருவார், ஆனால் டொபி நிற்கும் பக்கம் காலடி வைக்கமாட்டார். அன்று பின்னேரம் கேற்றுக்கு உள்ளே நின்றபடியே கூப்பிட்டார்.

"புள்ள, கோவிக்காதீங்க. ஒண்டக் கட்டிப் புடிக்கீங்க, மத்தத ஏன் கட்டாம உட்டிருக்கீங்க? எங்கட ஊட்டுக்குள்ள பூந்திச்சிண்டா நான் ஏழு தரம் கழுவோணும்."

"எந்த மற்றது மாமி?"

"வலப்பக்கத்தால வாறதுதான். கறுப்பு. மூணு நாளா உங்களோடதானே வருது." அவர் கேற்றுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அவருடைய முகம் கொஞ்சம் மாறியது. "இப்ப காணல்ல. தெரு நாயாக்கும்."

"தெரு நாயாத்தான் இருக்கும்" என்றாள் சுலக்ஷனா. நஜ்முன் நிஸா கதவைச் சாத்தும்போது ஏதோ ஓதிக்கொண்டே சாத்தினார்.

அன்றிலிருந்து டொபியும் மாறினான். அவன் கத்தவில்லை, அதுதான் அவளைப் பயமுறுத்தியது. கட்டாத நாயைக் கண்டால் பாய்கிறவன் இப்போது அவளுடைய இடது காலோடு ஒட்டிக்கொண்டு, அவளுடைய கால்களுக்கு முன்னால் கழுத்தை நீட்டி, வலப்பக்கத்தைப் பார்த்து உறுமினான். வெளியே வராத, நெஞ்சுக்குள்ளேயே உருளும் உறுமல். சில அடிகளுக்கு ஒருமுறை அவளுடைய முன்பக்கமாகச் சுற்றி வலப்பக்கம் போய், அவளுக்கும் அதற்கும் நடுவில் உடம்பை வைத்து நடக்கப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் ஏதோ சுட்டதுபோலக் குதித்துத் திரும்பி வந்தான். கயிறு அவளுடைய முழங்கால்களில் சுற்றிக்கொண்டது. பாதிக் காது நடுங்கியது. பாவம், அவன் அவளைக் காக்கப் பார்த்தான்.

ஒருமுறை அவள் கல் எடுப்பதுபோலக் குனிந்தாள். எந்தத் தெருநாயும் குனிவதைக் கண்டால் ஓடும். வலது கன்னத்தில் ஈரமான மூச்சு பட்டது. அவள் வெறுங்கையோடு நிமிர்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை றிக்சன் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து தொலைபேசி எடுத்தான். அவள் சிரித்துக்கொண்டே சொல்லத் தொடங்கி, பாதியில் அழத் தொடங்கினாள்.

"பொறு, பொறு. நீ எதில வச்சுத் திரும்புறனீ?"

"சேமக்காலை மதிலடியில. அதுக்கங்கால அதுகளின்ர இடமெல்லே."

கப்பலின் இரைச்சலுக்கு மேலால் அவன் குரல் உயர்ந்தது.

"அதில நிண்டோ வா எண்டு கூப்பிட்டனீ?"

"நாயைத்தானேப்பா கூப்பிட்டனான்."

"ஓம், நாயைத்தான். பேரைச் சொல்லிக் கூப்பிட்டனீயோ?"

அவள் யோசித்தாள். அவள் பெயரைச் சொல்லவில்லை. டொபி பக்கத்தில்தானே நிற்கிறான், பெயர் எதற்கு? வா, வீட்டை போவம். அவ்வளவுதான் சொல்லியிருந்தாள்.

செத்த வீட்டுக்கு வருகிறவரை யாரும் "வாங்கோ" என்று சொல்வதில்லை. புறப்படுகிறவரும் "போட்டு வாறன்" என்று சொல்வதில்லை. தலையை ஆட்டிவிட்டுப் பேசாமல் போய்விடுவார். செத்தவர் அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு கூடவே வந்துவிடக்கூடாது என்பார்கள். வேதக்காரர், சைவக்காரர் எல்லோரும் அந்த ஊரில் இதைப் பாலோடு குடித்து வளர்ந்தவர்கள்தான். ஏழு வயதில் மாமாவின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று யாரையோ "வாங்கோ" என்றதற்காக அவள் கிள்ளு வாங்கியிருக்கிறாள். நாயைப் பழக்கும்போது அதை யார் நினைப்பார்கள்? இருபதுக்கும் மேற்பட்ட பின்னேரங்கள். கல்லறைகளுக்கு முன்னால் நின்று, இன்னாருக்கென்று இல்லாமல், சிரித்த குரலில், ஒவ்வொரு நாளும் அதே வசனம். தின்னவும் கொடுத்திருக்கிறாள். முறை பிசகாமல் பழக்கியிருக்கிறாள்.

"சும்மா பயப்பிடாத" என்றான் றிக்சன். சிரித்தான். சிரிப்பு கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. "ரெண்டு நாள் வெளிய போகாத."

அவள் போகவில்லை. யன்னல்களைச் சாத்தினாள். டொபிக்கு முன்தரையில் பழைய செய்தித்தாள் விரித்தாள், கெஞ்சினாள், திட்டினாள். அவன் வாசலைத் தாண்டாமல் நின்று கேற்றைப் பார்த்தான். கேற்றின் அடி இடைவெளியால் மெழுகுதிரி மணம் வந்துகொண்டிருந்தது. முதல் நாள் முழுவதும் அடக்கினான். இரண்டாம் நாள் சாப்பிடவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு வயிறு கல்லாகி, கால்களை அகட்டி வைத்துக்கொண்டு முனகத் தொடங்கினான். மூன்றரை மணிக்கு அவன் அவளுடைய மடியில் தாடையை வைத்துப் பார்த்த பார்வையை அவளால் தாங்க முடியவில்லை. அவனை இப்படிச் சாகவிட்டு றிக்சனுக்கு எந்த முகத்தைக் காட்டுவது? வெயில் இருந்தது. வீதியில் சனம் இருக்கும். இறங்குதுறைப் பக்கம் போவோம், எண்ண முடியாத நாய்கள் இருந்தால் இருக்கட்டும்.

அவள் கேற்றைத் திறந்தாள். டொபி முதலாவது மின்கம்பத்திலேயே நீண்ட நேரம் காலைத் தூக்கி நின்றான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் வந்தது. அப்போதே திரும்பியிருக்கலாம். ஆனால் திரும்புவதற்கு அவள் வீட்டைப் பார்க்க வேண்டும். கழுத்து திரும்ப மறுத்தது. மணம் பின்னால்தான் இருந்தது, கேற்றடியில், அவளுக்காகக் காத்து நின்ற இடத்தில். ஆகவே முன்னால் நடந்தாள்.

இறங்குதுறையில் மூதூர்ப் படகுக்குச் சனம் நின்றது. கடலைக்காரன் கூவினான். ஓட்டோக்கள் நின்றன. நாய்கள் குப்பைத் தொட்டியடியில், பெஞ்சுகளின் கீழ், படகுக் கயிறுகளின் நடுவில், பதினைந்து இருபது இருக்கும். எல்லாம் கட்டாதவை. அவளைக் கண்டதும் முதலாவது நாய் எழுந்தது. பிறகு எல்லாம் எழுந்தன. ஒன்றும் குரைக்கவில்லை. சனம் அதைக் கவனிக்கவில்லை, தொலைபேசிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாய்கள் தலையை உயர்த்தின. முழங்காலளவில் இல்லை. இடுப்பளவில் இல்லை. அவளுடைய வலது தோளுக்கு மேலே, தலைக்கும் மேலே, ஆள் உயரம் என்று சொல்ல முடியாத ஓர் உயரத்தில் அவை எதையோ பார்த்தன. பார்த்தபடியே பின்வாங்கின. ஒன்று கடலில் விழுந்தது.

வழியெல்லாம் அது வளர்ந்திருக்கிறது.

யாரிடமாவது சொல்லலாம். என்னவென்று சொல்வது? படகில் ஏறலாம். நாயோடு ஏற்றமாட்டார்கள். இங்கேயே நிற்கலாம். இருட்டும்வரை. பிறகு? எங்கே போனாலும் அது வலப்பக்கம் வரும். அதற்குத் தெரிந்த இடம் ஒன்றே ஒன்று. அவளுக்கும் போக்கிடம் அது ஒன்றுதான்.

ஒரு யோசனை வந்தது. பயந்தவருக்கு வரும் கெட்டிக்கார யோசனை. ஓடு. அதற்கு முன்னால் போய்ச் சேர். டொபியை உள்ளே தள்ளி இரும்புக் கம்பிக் கதவைப் பூட்டு. வெளியே விடு அதை.

ஓடினாள். டொபியும் ஓடினான். செருப்பு ஒன்று போயிற்று. ஒழுங்கை முகப்பில் நஜ்முன் நிஸாவின் கதவு சாத்தியிருந்தது. கேற்று. சீமெந்துத் தரை. கம்பிக் கதவைத் தள்ளித் திறந்து உள்ளே ஒரு காலை வைத்தாள். கயிறு இழுபட்டது.

டொபி கேற்றடியில் நின்றான். நாலு கால்களையும் ஊன்றியிருந்தான்.

"வாடா. டொபி. வாடா ராசா."

அவன் பின்னால் சாய்ந்தான். தலையைக் குனிந்தான். கழுத்துப் பட்டி காதுகளைத் தாண்டி உருவிக்கொண்டு வந்தது. அவளுடைய கையில் வெறும் பட்டியும் கயிறும். அவன் ஒழுங்கைக்கு ஓடி, நடுவில் நின்று, திரும்பி அவளைப் பார்த்தான். முதல் தடவையாக வீதியில் கட்டாத நாயாக நின்றான்.

ஒழுங்கை முகப்பில் நகங்கள் தாரில் படும் சத்தம். ஐந்து. வாடி நாய்கள். வரிசையாக வந்தன. அவனைக் கிழித்துவிடும், இந்தமுறை காதோடு நிற்காது. "அடீக்!" என்று கத்தினாள். "அடீக்! போங்கோ!" அவை கேட்கவில்லை. டொபியிடம் வந்தன. சுற்றின.

கடிக்கவில்லை. இரண்டு அவனுடைய இடப்பக்கம் நின்றன. மூன்று வலப்பக்கம். தோளோடு தோளாக. ஆறு நாய்களும் வீட்டைப் பார்த்துக் குரைக்கத் தொடங்கின.

அவளையல்ல.

அவள் அந்தக் கண்களைப் பார்த்தாள். டொபியின் கண்களைப் பார்த்தாள். அவை அவளுடைய தலைக்கு மேலால் போய், அவளுக்குப் பின்னால், வீட்டுக்குள்ளே, கூரைக்குக் கொஞ்சம் கீழே நின்றன. அது வெளியே இல்லை. அவளுக்கு முன்னமே வந்து சேர்ந்திருந்தது.

ஓடு. வெளியே. நாய்களிடம் போ. ஒரு காலைத் தூக்கினாள். சட்டையின் பின் விளிம்பு எதிலோ மாட்டியிருந்தது. ஆணியாயிருக்கும். இழுத்தாள். வரவில்லை. பின்னால் இருந்து மெல்ல ஒரு முறை இழுபட்டது. பிறகு இன்னொரு முறை. கோபமில்லாமல், பொறுமையாக. வெளியே இருந்த காலும் வாசலுக்கு உள்ளே வந்தது.

கயிறு கையிலிருந்து நழுவியது. தரையில் விழுந்த சத்தம் கேட்கவில்லை.

மெழுகுதிரி மணம் மூக்கை அடைத்தது. ஈர மண். உள்ளே ஒரு கதிரை நகர்ந்தது. அவள் திரும்பவில்லை. திரும்ப ஏலாது. கம்பிக் கதவு அவளுக்கு முன்னால் தானாகச் சாத்திக்கொண்டு வந்தது. அவள் கம்பிகளைப் பிடித்தாள்.

குரைப்பு நின்றது.

ஐந்து நாய்களும் திரும்பி நடந்தன. டொபி கொஞ்ச நேரம் நின்றான். பாதிக் காது நிமிர்ந்திருந்தது, மற்றது முழுசாக இருந்தது, உடம்பில் ஒரு கீறல் இல்லை. அவள் "டொபி" என்றாள். சத்தம் வரவில்லை. அவன் தலையைத் தாழ்த்திக்கொண்டு மற்ற நாய்களுக்குப் பின்னால் போனான், ஒழுங்கையைத் தாண்டி, வீதியைத் தாண்டி.

கதவின் தாழ்ப்பாள் உட்பக்கம்தான் இருந்தது. அது மெல்ல, துருப்பிடித்த சத்தத்தோடு, அதன் துளைக்குள் போய் விழுந்தது. அவளுடைய இரண்டு கைகளும் கம்பிகளை இறுகப் பிடித்திருந்தன.